மல்லாட்டை நம்முடையது, எண்ணெய் யாருடையது?

செஞ்சிக்கோட்டைக்கு 2025 ஜூலையில் ஒரு பெருமை வந்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். நமக்கும் சந்தோஷமே. கல்லைச் சுமந்து, மதிலைக் கட்டி, மலை உச்சிவரை தண்ணீர் தூக்கியவர்கள் நம்முடைய பாட்டன், முப்பாட்டன் அல்லவா?

கோட்டைக்குள் போய்வரும் தோழர்கள் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் பெரிய தானியக் களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். கனத்த சுவரும் வளைவுக் கூரையுமாகக் கட்டிய கட்டடம். பீரங்கியைக் காட்டிலும் அந்தக் களஞ்சியத்தைத்தான் ராஜாக்கள் அதிகமாக நம்பினார்கள். தானியம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கோட்டையை ஆள முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். உழுதவனுக்கும் அறுத்தவளுக்கும் களஞ்சியத்தின் சாவி கிடையாது.

ராஜா போனார். நவாபு போனார். வெள்ளைக்காரன் போனான். சாவி மட்டும் இன்னும் நம் கைக்கு வரவில்லை.

அனந்தபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்தால் நெல், கிணறு இருந்தால் கரும்பு, வானம் பார்த்த மேட்டு நிலத்தில் மல்லாட்டை. மற்ற ஜில்லாக்காரர்கள் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதைத்தான் நாம் மல்லாட்டை என்கிறோம், மணிலா என்கிறோம். இந்த மல்லாட்டையின் கதையை இன்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயிற்றைப் பற்றிய கணக்கு என்பதால் இது எல்லோருக்கும் புரியும்.

விற்பது ஒரு விலை, வாங்குவது ஒரு விலை

ஒன்றரை ஏக்கர் நிலம் உள்ள விவசாயி ஒருவர். ஆடிப்பட்டத்தில் விதைக்கிறார். விதைக்குக் கடன், உரத்துக்குக் கடன், களை எடுக்க ஆளுக்குக் கூலி. நாலு மாதம் போய்ப் பிடுங்கும்போது கடன்காரர் வரப்பில் வந்து நிற்கிறார். காய் சரியாகக் காய்வதற்குள் மூட்டை கட்டியாக வேண்டும். மண்டியில் கொண்டுபோய்ப் போட்டால் ஈரம் என்று ஒரு கழிவு, மண் என்று ஒரு கழிவு, பொக்கு என்று ஒரு கழிவு. மீதிக்கு விலை. அந்த விலையிலிருந்து முன்பணம், வட்டி, தரகு. கையில் வருவதை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்.

வரும் வழியில் என்ன வாங்குகிறார்? மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குகிறார். அது எந்தப் புண்ணாக்கு? தான் விற்ற மல்லாட்டையின் புண்ணாக்கு! வீட்டு அடுப்புக்கு எண்ணெய் வேண்டும். ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குப் பாமாயில் பாக்கெட். அது எங்கே விளைந்தது? மலேசியாவிலும் இந்தோனேஷியாவிலும் விளைந்தது. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்குகிறார். தான் விற்ற விலையைப்போல இரண்டு பங்கு கொடுத்து வாங்குகிறார்.

காயாக விற்று, புண்ணாக்காக வாங்கி, எண்ணெயாக வாங்கி, விதையாக வாங்குகிறான் இந்த மனிதன். நடுவில் நடந்தது என்ன? காய் உடைபட்டது, பருப்பு பிழியப்பட்டது. அவ்வளவுதான். அந்த இரண்டு வேலையும் அவன் ஊரில் நடக்கவில்லை. அவன் கையில் நடக்கவில்லை. அதனால் லாபமும் அவன் ஊரில் தங்கவில்லை.

நூறு கிலோவின் கணக்கு

நன்றாகக் காய்ந்த காய் நூறு கிலோ எடுத்துக்கொள்வோம். உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். தொலி 30 கிலோ. அந்தத் தொலியும் வீண் போவதில்லை. சூளைக்கும் கொதிகலனுக்கும் எரிபொருளாகப் போகிறது. பருப்பைச் செக்கில் போட்டு ஆட்டினால் ஏறக்குறைய 28 கிலோ எண்ணெய், அதாவது 30 லிட்டர் தேறும். புண்ணாக்கு 40 கிலோ. கொஞ்சம் சேதாரம். ரகத்துக்கும் செக்குக்கும் தக்கபடி ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும்.

நூறு கிலோ காய்க்கு 2025-26 கரீப் பருவத்துக்கு மத்திய சர்க்கார் அறிவித்த ஆதரவு விலை 7,263 ரூபாய். இது நம் விவசாயி கைக்கு முழுசாக வருகிறதா என்பதைப் பிறகு பார்ப்போம். வந்ததாகவே வைத்துக்கொள்வோம். புண்ணாக்குக் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 1,600 ரூபாய். அதைக் கழித்தால் 30 லிட்டர் எண்ணெயின் மீது விழும் காயின் அடக்கம் 5,663 ரூபாய். லிட்டருக்கு 189 ரூபாய்.

இனி நீங்களே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்க் கடையில் இன்று மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் என்ன விலை என்று கேளுங்கள். அதிலிருந்து 189-ஐக் கழியுங்கள். மிச்சம் இருக்கிறதே, அதில்தான் உடைப்புக் கூலி, ஆட்டும் கூலி, மின்சாரம், டின், வண்டி வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் அடக்கம். இவற்றில் பாதிக்கு மேல் ஊருக்குள்ளேயே தங்கக்கூடிய பணம். மண்டியில் விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்கும்போது அந்த மிச்சம் இன்னும் பெருகும். ஆனால் அன்றைக்கு அது விவசாயிக்குப் போகாது. பருப்பு வாங்கி ஸ்டாக் வைத்தவருக்குப் போகும்.

ஆகவே “விவசாயி நன்றாக உற்பத்தி செய்தால் முன்னேறிவிடுவான்” என்று மேடையில் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி.2 ரகத்தை வெளியிட்டது 1940-ல். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல ரகங்கள் வந்தன. விளைச்சல் கூடியது. உரிப்பவளின் கூலியும் விளைவித்தவனின் கடனும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கின்றன?

மார்சேல் முதல் மலேசியா வரை

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு மல்லாட்டை மாட்டுவண்டியில் புதுச்சேரிக்குப் போயிற்று. அங்கிருந்து பிரெஞ்சுக் கப்பலில் மார்சேல் துறைமுகத்துக்குப் போயிற்று. அங்கே ஆலைகள் அதைப் பிழிந்து எண்ணெய் எடுத்தன, சோப்புக் காய்ச்சின. கொட்டையை வாங்கிய வியாபாரி எண்ணெயாக ஏன் வாங்கவில்லை? ஆலை அவன் ஊரில் ஓட வேண்டும், புண்ணாக்கு அவன் மாட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான். பஞ்சு லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பிய அதே கதை.

சுயராஜ்யம் வந்த பிறகு உள்நாட்டில் ஆலைகள் பெருகின. கடலை எண்ணெய் பிழிவது சிறு தொழிலுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய கம்பெனி அந்தத் துறையில் தாராளமாகக் கால் வைக்க முடியாது. அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்த 20 பொருள்களையும் 2015 ஏப்ரலில் மத்திய சர்க்கார் விடுவித்துவிட்டது. அந்த இருபதில் கடலை எண்ணெயும் ஒன்று, கடுகெண்ணெயும் ஒன்று, ஊறுகாய், ரொட்டி, தீப்பெட்டி, ஊதுபத்தி எல்லாம் அதிலேயே. ஏழை வீட்டுத் திண்ணையில் நடந்த தொழில்களுக்கு இருந்த வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து வருஷம் கழித்து 2020-ல் அதே சர்க்கார் “குறு உணவுத் தொழில்களை முறைப்படுத்தும் திட்டம்” என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 சதம், உச்சவரம்பு 10 லட்சம் மானியம் என்று அறிவித்தது. வேலியை எடுத்துவிட்டு, ஆடு மேய்ந்த பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான் இது.

இறக்குமதியின் கதை இதைவிட மோசம். 1986-ல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் நாடு எண்ணெயில் தன் காலில் நிற்கும் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்தது. 1994-ல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அப்போது தீர்வை 65 சதம். நாலைந்து வருஷத்தில் அது 15 சதமாக இறங்கியது. இன்று நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-23 எண்ணெய் ஆண்டில் வந்தது சுமார் 165 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் பாமாயில். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்களுக்கு அடிப்படைத் தீர்வையை 20 சதம் ஆக்கினார்கள். 2025 மே கடைசியில் அதை 10 சதமாக்கினார்கள். விதைக்கும்போது ஒரு தீர்வை, அறுக்கும்போது ஒரு தீர்வை! செஞ்சித் தாலுகா விவசாயி எந்த நம்பிக்கையில் விதைப்பான்?

பாமாயிலை நாம் பழிக்கவில்லை. 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பாக்கெட்டினால்தான் கூலிக்காரர் வீட்டில் தாளிப்புச் சத்தம் கேட்கிறது. அதைப் பிடுங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்த்து நிற்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஆனால் ஏழைக்கு மலிவாகக் கொடுக்கும் மானியப் பணம் ஏன் கடல் தாண்டியே போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு தாயின் கேள்வி

சென்ற பட்டத்தில் ஒரு காலனியில் மாலைக் கூட்டம். “ஊரிலேயே காய வைத்து, ஊரிலேயே உடைத்து, ஊரிலேயே ஆட்டி விற்றால் சிறு விவசாயிக்கு வருமானம் கூடும்” என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும் ஒரு விவசாயத் தொழிலாளித் தாய் எழுந்தார்.

“ஏம்பா, நீ சொல்றதெல்லாம் நெலம் வச்சிருக்கவனுக்கு. எனக்கு நெலமே இல்லையே! மெஷின் வந்தா நாங்க உரிச்சிப் பொழைக்கிற கூலியும் பூடும். அவனுக்கு வருமானம் கூடினா எனக்கு என்னா, கூலிய ஏத்திக் குடுத்துடுவானா?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் என் தாயும் மல்லாட்டை உரித்துத்தான் என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். மண்டிக் கொட்டகையில் படிக்கு இவ்வளவு என்று கூலி. காயை நனைத்துக் கொடுப்பார்கள். விரல் நுனி வெந்து போயிருக்கும். பொழுது சாய்ந்து வெளியே வரும்போது பெண்கள் எல்லோரும் மடியை உதறிக் காட்ட வேண்டும். சிறு பையனாக வாசலில் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். நான்கு பருப்பை மகனுக்கென்று எடுத்துவிடுவாளோ என்று பயந்தவர்கள், நாள் முழுவதும் அவள் உழைப்பை எடுத்துக்கொண்டதற்கு எங்கேயும் மடியை உதறிக் காட்டவில்லை.

ஆகவே அந்தத் தாய்க்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை. அன்றைக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன்.

“அக்கா, நீங்கள் கேட்டது சரி. சிறு விவசாயிக்கு லாபம் வந்தால் தானாக உங்கள் கூலி ஏறாது. கூலி எந்தக் காலத்திலும் தானாக ஏறியதில்லை. சங்கம் வைத்து ஏற்றியதுதான் ஏறியது. ஆனால் வேலை இந்த ஊரில் இருந்தால்தான் கூலி கேட்கவே முடியும். உடைக்கும் வேலையும் ஆட்டும் வேலையும் டின்னில் அடைக்கும் வேலையும் வேறு ஊருக்குப் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? மெஷின் எப்படியும் வந்துவிட்டது. மண்டிக்காரரிடம் வந்துவிட்டது. கேள்வி மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அந்த மெஷினின் சொந்தக்காரர் யார், அதில் உங்களுக்கு ஓட்டு உண்டா என்பதுதான்.”

எங்கே நடந்தது?

இது கனவு என்று சிலர் சொல்வார்கள். நடந்த இடங்களைப் பார்ப்போம். அங்கே கிடைத்த வெற்றியையும் பார்ப்போம். குறையையும் மறைக்காமல் பார்ப்போம்.

குஜராத்தில் கேடா ஜில்லா. பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏகபோக உரிமை ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. அந்தக் கம்பெனி வைத்ததே விலை. 1946-ல் விவசாயிகள் கூடி, பாலைக் கம்பெனிக்கு ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பதினைந்து நாள் பால் வேலைநிறுத்தம்! பம்பாய்க்குப் பால் போகவில்லை. அந்தப் போராட்டத்திலிருந்துதான் அந்த வருஷம் டிசம்பரில் கேடா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியன் பிறந்தது. இன்று அமுல் என்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். ஆரம்பத்தில் இரண்டு கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 247 லிட்டர் பால். பிறகுதான் பவுடர் ஆலையும் வெண்ணெய் ஆலையும் வந்தன. நிலமே இல்லாத பெண்ணும் ஓர் எருமை வைத்திருந்தால் அங்கே அங்கத்தினராகலாம். இது முக்கியம். இன்னொன்றும் முக்கியம்: அது மானிய விண்ணப்பத்திலிருந்து பிறக்கவில்லை, வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்தது.

நம் நாட்டிலேயே நீலகிரி. கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் பச்சை இலையைத் தனியார் பாக்டரிக்கு விற்றார்கள். இலை பறித்தால் அன்றைக்கே போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வாடிப்போகும். அதைத் தெரிந்துகொண்டு விலை வைத்தார்கள். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் இவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக இன்கோசர்வ் ஏற்பட்டது. இன்று 16 தொழிற்சாலைகள். சுமார் 30 ஆயிரம் சிறு விவசாயிகள். ரேஷன் கடையில் நாம் வாங்கும் ஊட்டி டீ அவர்களுடையதுதான்.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறதா? இல்லை. 2023-ல் கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டுச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பாக்டரி நம்முடையதாக இருந்தாலும் ஏலச் சந்தை நம்முடையதல்ல. ஆலை கட்டினால் மட்டும் போதாது, சரக்குக்கு நிச்சயமான விற்பனையும் வேண்டும் என்பதே நீலகிரி சொல்லும் பாடம்.

மூன்றாவது, கேரளத்தில் கண்ணூர். பீடித் தொழிலாளர் சட்டம் வந்ததும், சட்டப்படி கூலி கொடுக்க மனமில்லாத முதலாளிகள் கடையைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களே சேர்ந்து 1969-ல் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள். அன்றைய மாநில சர்க்கார் கைகொடுத்தது. பீடிக்குக் காலம் மாறியபோது அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. தேங்காய்ப் பால், மசாலாத் தூள் என்று உணவுப் பொருள் பக்கம் திரும்பினார்கள். நிலமில்லாதவர்கள், கையை மட்டும் நம்பியவர்கள் நடத்திய ஸ்தாபனம் அது. அந்தத் தாய் கேட்ட கேள்விக்குக் கண்ணூரும் ஒரு பதில்தான்.

நம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இன்னொரு பாடமும் தெரியும். பெயரில் கூட்டுறவு என்றிருந்தும், தேர்தல் நடக்காமல், அதிகாரி ஆட்சியாகவே ஓடினால், வெட்டிய கரும்புக்குப் பணம் கேட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான். ஆளுக்கு ஓர் ஓட்டு என்பது காகிதத்தில் இருந்தால் போதாது. வருஷந்தோறும் பெட்டியில் விழ வேண்டும்.

கம்பெனியா, கூட்டுறவா?

இப்பொழுது ஊருக்கு ஊர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்று சொல்கிறார்கள். 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் வந்தது இது. நாடெங்கும் பத்தாயிரம் அமைப்புகள் ஏற்படுத்துவதாக 2020-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. விவசாயிகள் சேர்ந்து நிற்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விளக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டாமா?

குத்தகை விவசாயியின் பெயரில் பட்டா இல்லை. விவசாயத் தொழிலாளிக்கு நிலமே இல்லை. பட்டா பெரும்பாலும் ஆணின் பெயரில். வயலில் பாடுபடுவதில் பெரும்பங்கு பெண். பட்டாவைக் காட்டிச் சேர் என்றால் உழைப்பவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மண்டியின் முதலாளியே பத்து ஏக்கர் பட்டாவைக் காட்டி டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? பெயர்ப் பலகை மாறும், தராசு மாறாது.

சட்டங்கள் இதற்கு முன்பும் வந்திருக்கின்றன. வணிகப் பயிர்களை ஒழுங்குமுறையாக விற்க 1933-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1987-ல் புதிய சட்டம் வந்தது. செஞ்சியிலும் கமிட்டி இருக்கிறது. நாம் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. தராசுக்கு ஒரு முத்திரை, ஏலத்துக்கு ஒரு நேரம், இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்க ஒரு வழி எல்லாம் அங்கே உண்டு. 2020-ல் வேளாண் சட்டங்கள் மூன்றைக் கொண்டுவந்து இந்தக் கமிட்டிகளையே ஒன்றுமில்லாமல் செய்யப் பார்த்தார்கள். டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் உட்கார்ந்து, 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும்போது இரண்டு மூட்டைக்காரன் கமிட்டிவரை போவதில்லை. களத்திலேயே விற்றுவிடுகிறான். கமிட்டி அவனைத் தேடிக் களத்துக்கு வர வேண்டும். காய வைக்கும் களமும் உடைக்கும் யந்திரமும் செக்கும் அவன் ஊரில் இருந்தால்தான் அவன் பத்து நாள் பொறுத்து நிற்க முடியும்.

நம் பக்கத்துக் கடமை

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. நாமும் சரியாகச் செய்ய வேண்டியவை உண்டு.

உடைப்பதற்கு லகுவாகக் காயை நனைப்பது பழைய வழக்கம். அது நஞ்சை அழைக்கும் வழக்கம். ஈரக் காயில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கிறது. அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தைச் சுரக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, தீனியில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில்தான் அந்த விஷம் இருந்தது தெரிந்தது. நம் மாட்டுக்கும் நம் பிள்ளைக்கும் அதே விஷம் வரக்கூடாது. செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவதில்லை; ஆகையால் பருப்பு சுத்தமாக இருந்தாக வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஓசையிடும்வரை காய்ச்சல் வேண்டும். பூஞ்சைப் பருப்பைக் கையால் பொறுக்கி ஒதுக்க வேண்டும். இந்தப் பொறுக்கும் வேலைக்கு மெஷினைவிடப் பெண்களின் கண்ணும் கையுமே நல்லது. உரிப்பு வேலை போகும் இடத்தில் இந்த வேலை வரட்டும். படிக்கணக்குக் கூலியாக அல்ல, நாள் கூலியாக வரட்டும்.

எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து அளந்து விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அடைத்து, முத்திரையிட்டு, லைசென்சோடு விற்க வேண்டும். தனி ஆளால் இது முடியாது, சங்கத்தால் முடியும்.

இன்னொன்று. ஊர்ச் செக்கு ஓட ஆரம்பித்ததும் மண்டிக்காரர் சும்மா இருக்க மாட்டார். ஒரு பட்டம் மட்டும் மூட்டைக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுப்பார். நம் ஆளும் ஓடிப்போய்ப் போடுவான். செக்கு காயில்லாமல் நிற்கும். மறு பட்டம் பழைய விலை. இந்தத் தூண்டிலைத் தெரிந்துகொள்ளாதவன் கூட்டுறவுக்கு லாயக்கில்லாதவன். கேடாவில் பதினைந்து நாள் பாலைத் தரையில் கொட்டவும் தயாராக நின்றார்களே, அந்த உறுதி நமக்கும் வேண்டும்.

ஆலைத் தோழர்களுக்கு

ஆலையில் வேலை செய்யும் தோழர்கள் இது கிராமத்துச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1936 ஜூலை 30-ந் தேதி புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அவர்கள் சிந்திய ரத்தத்தில்தான் எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அங்கே பிறந்தது. அந்த ஆலைகளில் பாடுபட்டவர்களில் எத்தனையோ பேர் நம் கிராமங்களிலிருந்து போனவர்கள். அவர்கள் நம்பியிருந்த ஏ.எப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. நகரத்தில் ஆலை மூடினால் தொழிலாளி எங்கே திரும்புகிறான்? கிராமத்துக்குத்தான். அங்கே ஒரு தொழில் இருந்தால் கைக்கு வேலை. இல்லாவிட்டால் களத்துமேட்டில் கூலிக்கு நிற்கும் கூட்டத்தில் இன்னும் ஓர் ஆள்.

உங்களிடம் யந்திரம் தெரிந்த கை இருக்கிறது. சங்கம் நடத்திய பழக்கம் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கும் துணிச்சல் இருக்கிறது. ஊர்க் கூட்டுறவுக்கு இவை மூன்றும் வேண்டும். ஆலைக் குடியிருப்புகளில் மாதம் ஒரு டின் ஊர் எண்ணெய் வாங்குவதென்று தீர்மானித்தால் அதுவே ஒரு மார்க்கெட். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கூட்டுறவு ஆலையாக இருந்தாலும் அதில் வேலை செய்பவருக்குச் சங்கம் வேண்டும். சொந்த வீடு என்பதற்காகக் கதவில்லாமல் கட்டுவார்களா?

நாம் கேட்பது

அனந்தபுரத்தை மையமாக வைத்து, காய வைக்கும் சிமெண்டுக் களம், கிடங்கு, உடைக்கும் யந்திரம், செக்கு ஆகியவற்றோடு ஒரு கூட்டுறவு நிலையம் வேண்டும். பட்டா இல்லாத குத்தகைதாரரும், நிலமில்லாத விவசாயத் தொழிலாளியும், பெண்களும் அதில் முழு அங்கத்தினர்களாக வேண்டும். பங்குத்தொகை எவ்வளவானாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. மண்டி நடத்துபவருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை.

நிலையத்தில் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி. வருஷ லாபத்தில் காய் போட்டவருக்கு ஒரு பங்கு, கை உழைத்தவருக்கு ஒரு பங்கு.

நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் திறப்பதுபோல மல்லாட்டைக்கும் அறுவடைக் காலத்தில் ஆதரவு விலையில் கொள்முதல் வேண்டும்.

மாநில சர்க்கார் ஊட்டி டீயை ரேஷன் கடையில் விற்கிறது. நல்ல காரியம். அதே கடையில் செஞ்சி மல்லாட்டை எண்ணெயும் வர வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேல் ரேஷன் கார்டுகள் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாக் கார்டுக்கும் முடியாது என்பது நமக்கும் தெரியும். மல்லாட்டை விளையும் ஜில்லாக்களில் மாதம் அரை லிட்டர் என்று ஆரம்பிக்கட்டும். பாமாயிலுக்குக் கொடுக்கும் மானியத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கட்டும். அந்தப் பணம் விவசாயிக்கு விலையாகவும், தொழிலாளிக்குக் கூலியாகவும், குழந்தைக்கு எண்ணெயாகவும் மூன்று முறை பயன்படும்.

மத்திய சர்க்கார் இறக்குமதித் தீர்வையை விதைப்புக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

தோழர்களே! வ.உ.சிதம்பரனாரைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் இழுத்த செக்கில் வழிந்த எண்ணெய் அவருடையதல்ல. அதனால் அது சிறை. நாம் விளைத்து, நாம் உரித்து, நாம் சுமந்து, எண்ணெய் மட்டும் நம்முடையதல்ல என்றால் நாம் வாழ்வதற்கு என்ன பெயர்?

அந்தக் காலனித் தாய் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். “பங்குப் பணம் எம்மாம்பா?” என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். “சீக்கிரம் முடிவு பண்ணுங்க. கொறச்சலா வையுங்க. நாங்க பத்துப் பேரு இருக்கோம்” என்றார்.

பத்துப் பேர் தயார். ஊர் ஊராகக் கூடுங்கள். பெயர் எழுதுங்கள். களஞ்சியத்தின் சாவியைக் கேட்போம்!